கதைக்க ஓர் ஆள் வேண்டும்: உளநல உதவியை ஊருக்குப் பக்கத்திலேயே தேடுவது எப்படி?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் எமது நிறுவனத்தின் தகவல் தொடர்பு உத்தியோகத்தர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



இந்த மண்டபத்தில் இதுவரை வீட்டுத்திட்டம் பற்றிக் கதைத்தோம். கிணறு இறைப்பது பற்றியும், காணி உறுதி தொலைந்தவர்கள் என்ன செய்வது என்பது பற்றியும், கண்ணிவெடி அகற்றாத இடங்களைப் பற்றியும் கதைத்தோம். இன்றைக்கு மனதைப் பற்றிக் கதைக்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் படித்தவள். தகவலைத் தேடி, சரியா என்று பார்த்து, உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை. அதனால் யாருக்கு என்ன வருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் கதவைத் தட்டலாம், தட்டினால் என்ன நடக்கும், உள்ளே போனபின் நீங்கள் என்ன கேட்கலாம் என்பதைச் சொல்வேன்.

இன்னொன்று. உதவி தேடிப் போகிறவர் தன் கதை முழுவதையும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

ஊருக்கு வந்த பிறகு ஏன்?

"முகாமில் இருக்கும்போது தாங்கிக்கொண்டோம். சொந்தக் காணிக்கு வந்த பிறகுதானே எல்லாம் உடையுது. இது என்ன?" என்று பலர் கேட்கிறீர்கள்.

முகாமில் ஒவ்வொரு நாளும் ஒரு வேலை இருந்தது. தண்ணீருக்கு வரிசை, நிவாரணத்துக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. அடுத்த நேரத்தைப் பார்ப்பதிலேயே நாள் போய்விடும். ஊருக்கு வந்து, கூரை போட்டு, வாசலில் இருந்து பார்க்கும்போதுதான் யார் இல்லை என்பது தெரிகிறது. பக்கத்து வளவு பற்றையாய்க் கிடக்கிறது. கோயில் திருவிழாவுக்குக் காவடி எடுத்த பிள்ளை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது இன்னொரு மாதிரி. தாய் தகப்பனுக்கு இது ஊர். அங்கே பிறந்து படித்த பிள்ளைகளுக்கு இது தெரியாத இடம். ஒரே வீட்டுக்குள் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார், இன்னொருவர் இடம்பெயர்ந்திருக்கிறார்.

ஆகவே ஊருக்கு வந்த பிறகு நித்திரை குழம்புவதும், அழுகை வருவதும், கோபம் வருவதும் ஆச்சரியமில்லை. பெரும்பாலானவர்களுக்கு நாளாக நாளாக இது குறையும். உறவுகள், அயலவர், தோட்டம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் அதற்கு உதவும்.

எப்போது வெளி உதவி தேவை?

நம் ஆட்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. "ஒரே யோசனை" என்போம். "நெஞ்சுக்குள்ள அடைச்ச மாதிரி", "தலையிடி விடுதில்லை", "உடம்பெல்லாம் உளையுது", "பெருமூச்சுத்தான் வருது" என்போம். ஆஸ்பத்திரியில் பனடோல் தருவார்கள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பப் போவோம்.

ஒரு எளிய அளவு சொல்கிறேன். நித்திரை, சாப்பாடு, வேலை, மற்றவர்களோடு பழகுவது ஆகிய நான்கையும் பாருங்கள். இவற்றில் ஒன்றோ இரண்டோ இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்து குழம்பியிருந்தால் ஒருவரிடம் காட்டுவது நல்லது. நடந்தது இப்போதும் நடப்பதுபோல் கண்முன்னே வருவது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு துள்ளுவது, சில இடங்களுக்குப் போகவே முடியாமல் இருப்பது, நித்திரைக்காகவே குடிக்கத் தொடங்குவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளில் இது வேறு விதமாகத் தெரியும். திரும்பவும் படுக்கையில் சிறுநீர் போவார்கள், பள்ளிக்கூடம் போக மறுப்பார்கள், தாயை விட்டு விலக மாட்டார்கள்.

எல்லாவற்றையும் வருத்தம் என்று சொல்லவும் கூடாது. காணி விடுபடாதவருக்கு வரும் கோபம் வருத்தமில்லை. நுண்கடன் கட்ட முடியாமல் நித்திரை இல்லாத பெண்ணுக்கு நித்திரைக் குளிசை மட்டும் போதாது. அந்தக் கடனுக்கும் வழி பார்க்க வேண்டும். நல்ல உளவளத்துணையாளர் இதைப் புரிந்துகொண்டு, எந்த உத்தியோகத்தரிடம் போகலாம் என்றும் சொல்வார்.

கதவுகள் எங்கே இருக்கின்றன?

உளநல வைத்தியம் என்றால் அங்கொடைக்குக் கொண்டுபோவது என்று ஒரு காலத்தில் நினைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை வெருட்டியும் இருக்கிறோம். இப்போது நிலைமை அப்படி இல்லை. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கைக்குப் பிறகு சேவைகளை மாவட்டங்களுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். உங்களுக்குக் கிட்டிய கதவுகள் இவை.

முதலாவது, அரச வைத்தியசாலை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகள், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை ஆகியவற்றில் உளநலச் சேவை இருக்கிறது. சில சிறிய வைத்தியசாலைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் உளநலக் குழு வந்து கிளினிக் நடத்தும். பஸ் காசு செலவழித்துப் போவதற்கு முன், உங்கள் பிரதேச வைத்தியசாலையில் "உளநல கிளினிக் எந்த நாள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை வரட்டும், பிறகு போவோம் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, பிரதேச செயலகம். வீட்டுத்திட்டத்துக்கும் சமுர்த்திக்கும் போகிற அதே கட்டடம்தான். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் என்று இருப்பார்கள். உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்க யாருடைய கடிதமும் தேவையில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியவரும் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த இடம் வசதி. பிரதேச செயலகத்துக்கு ஒருவர் எதற்காகப் போகிறார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மூன்றாவது, வீட்டு வாசலுக்கே வருகிறவர். நீங்கள் "மிட்வைஃப்" என்று சொல்லும் குடும்ப நல உத்தியோகத்தர்தான் அவர். குழந்தை கிடைத்த பிறகு ஒரு தாய் காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்கவே விரும்பவில்லை என்றால் முதலில் சொல்ல வேண்டியது அவரிடம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக அவர் உங்களை அனுப்பிவைப்பார்.

நான்காவது, பள்ளிக்கூடம். பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் குழப்பத்தை வகுப்பாசிரியரிடம் சொன்னால் அவர்களிடம் கொண்டுபோகலாம்.

இவற்றைத் தவிரத் தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் பல ஆண்டுகளாக உளவளத்துணை கொடுத்தும், அதற்கு ஆட்களைப் பயிற்றுவித்தும் வருகிறது.

எங்கும் போக முடியாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. 1926 என்பது தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். எடுத்தவுடனேயே "தமிழில் கதைக்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

உளமருத்துவ நிபுணர் என்பவர் வைத்தியர். வருத்தம் என்ன என்று பார்த்து, தேவையானால் மருந்து எழுதுவார். எல்லா வைத்தியசாலையிலும் நிபுணர் இருக்க மாட்டார். உளநலத்தில் பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரி பார்ப்பார். அவரும் தகுதியானவரே, நிபுணர் தேவைப்பட்டால் அனுப்பிவைப்பார். உளவியலாளரும் உளவளத்துணையாளரும் மருந்து தருவதில்லை. கதைப்பதன் மூலமும் பயிற்சிகள் மூலமும் உதவுவார்கள். மருத்துவ உளவியலாளர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. எங்கள் பகுதிகளில் பேச்சுவழிச் சிகிச்சையைப் பெரும்பாலும் தருகிறவர்கள் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களும் உளசமூகப் பணியாளர்களுமே.

முதல் நாள் போனால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டி வரலாம். வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, "உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும்" என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்ல விருப்பமில்லாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்பார்கள். ஒரு கிளினிக் கொப்பி தருவார்கள். அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே எழுதிய மருந்துச் சீட்டையும், குளிசை முடிந்த வெறும் அட்டையையும் கொண்டுபோங்கள். இங்கே அதே மருந்து வேறு பெயரில் இருக்கலாம். அட்டையைப் பார்த்தால் வைத்தியருக்கு விளங்கும்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்க்க ஓர் ஊழியரைக் கேளுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் வாயால் கேட்கக் கூடாததைப் பிள்ளை தன் வாயாலேயே சொல்ல வேண்டி வரும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு பலகை எழுதி மாட்டினால் மட்டும் ஒருவர் உளவளத்துணையாளர் ஆகிவிடமாட்டார். அரச உத்தியோகத்தர் என்றாலும், நிறுவனத்திலிருந்து வந்தவர் என்றாலும், தனியாகக் காசு வாங்குகிறவர் என்றாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

நீங்கள் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள்?

உங்களுக்குச் சிக்கல் வந்தால் ஆலோசனை கேட்க மேலே யார் இருக்கிறார்கள்?

நான் சொல்வதை எழுதுவீர்களா? எழுதினால் அதை யார் வாசிப்பார்கள்?

எத்தனை தடவை வர வேண்டும்? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்? காசு உண்டா?

நான் பெண்; ஒரு பெண்ணோடு கதைக்க முடியுமா?

நல்லவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். இரகசியத்தைப் பற்றி அவரே முதலில் சொல்வார். நீங்கள் சொல்வது அவரோடு இருக்கும் என்பார். உங்கள் உயிருக்கோ இன்னொருவரின் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது ஒரு பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்றால் மட்டும் அவர் வேறு ஆட்களுக்குச் சொல்ல வேண்டி வரும் என்பதையும் சொல்வார். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லும்படி வற்புறுத்துகிறவர், நடந்ததற்கு உங்களைக் குற்றம் சொல்கிறவர், அடிக்கிறவர், கட்டிவைக்கச் சொல்கிறவர், ஒரே நாளில் சுகமாக்குவேன் என்று பெருந்தொகை கேட்கிறவர், தேவையில்லாமல் உடம்பைத் தொடுகிறவர், இவர்களிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள். ஒருவரோடு ஒத்துவரவில்லை என்றால் இன்னொருவரைக் கேட்பதும் உங்கள் உரிமைதான்.

இந்த இடத்தில் எங்களையும் சேர்த்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களிடம் கதை கேட்க எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கணக்கெடுப்பு, ஆய்வு, செய்தி, அறிக்கை, விசாரணை. கதை சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர்கள் நீங்கள். சொன்னால் பிரச்சினை வருமோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது, புனர்வாழ்வு பெற்று வந்த பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக. கதை கேட்பதெல்லாம் சிகிச்சை இல்லை. தன்னுடைய அறிக்கைக்காகக் கேட்கிறவரிடம் "இல்லை" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காக எங்கள் நிறுவனத்தின் எந்த உதவியும் நிற்காது. சிகிச்சையில் கேட்கிறவர் உங்களுக்காகக் கேட்கிறார். அங்கேயும்கூட இயக்கம், இராணுவம், இடம், பெயர் எதையும் சொல்லாமலே "நித்திரையில் பயந்து எழும்புகிறேன்" என்பதிலிருந்து தொடங்கலாம். அது போதும்.

காத்திருக்கிற குடும்பங்களுக்கு

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். "கவுன்சிலிங்குக்குப் போனால் பிள்ளையை மறக்கச் சொல்வினம், செத்துப்போனார் எண்டு ஏற்கச் சொல்வினம். அதுதான் போறதில்லை" என்று ஓர் அம்மா சொன்னார். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு நேரான பதில் இதுதான்: உங்களை அப்படி ஏற்கச் சொல்ல எந்த உளவளத்துணையாளருக்கும் உரிமை இல்லை. ஆளும் இல்லை, உடலும் இல்லை, பதிலும் இல்லை என்ற துயரம் மரணத் துயரத்தைப் போன்றதல்ல. இந்தத் துறையில் முறையாகப் படித்தவர்களுக்கு இது தெரியும். அவர்கள் செய்வது, தேடிக்கொண்டே இருக்கும்போதும் நித்திரை கொள்ளவும், சாப்பிடவும், மற்றப் பிள்ளைகளைப் பார்க்கவும் உங்களுக்குத் துணை நிற்பது. தேடுகிறவருக்கும் உடம்பில் பலம் வேண்டும்.

சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. 2016இல் வந்த திருத்தச் சட்டத்தின்படி, இறந்துவிட்டார் என்று எழுதாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைப் பெறலாம். அதை எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. விவரத்தைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

கதைத்தால் சுகம் வருமா?

"கதைத்தால் போன உயிர் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வராது. ஆனால் இருக்கிற உயிருக்கு அது உதவுகிறது.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, போரையும் கண்டு சுனாமியையும் கண்ட வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேருக்கு ஒரு முகாமில் உதவி கொடுத்துப் பார்த்தார்கள். வயது 8 முதல் 14 வரை. ஒரு குழுவில் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் சொன்னார்கள். மற்றக் குழுவுக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டுக்கும் 6 அமர்வுகள்தான். நடத்தியவர்கள் இங்கேயே பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்கள். 6 மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது, இரண்டு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். 2009இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கதையைச் சொல்லியும் தேறலாம், சொல்லாமல் மூச்சையும் உடம்பையும் பழக்கியும் தேறலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எது முடியும் என்று உளவளத்துணையாளரோடு சேர்ந்து முடிவெடுங்கள்.

நம்முடைய வழக்கங்களும் இதற்கு எதிரானவை இல்லை. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணிசெய்த உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, தியானம், அவரவர் சமயத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் மந்திரம் அல்லது செபம் ஆகியவற்றைச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தி, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆகவே கோயிலுக்கு நேர்த்தி வையுங்கள், செபமாலை சொல்லுங்கள், துஆ கேளுங்கள். கிளினிக்குக்கும் போங்கள். இரண்டில் ஒன்றை விட வேண்டியதில்லை.

மருந்து தந்தால் இரண்டு விஷயம். மனச்சோர்வுக்கான குளிசை பனடோல் மாதிரி அன்றைக்கே வேலை செய்யாது. பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். சுகமாகிவிட்டது என்று நீங்களாகவே திடீரென நிறுத்தவும் கூடாது. வாய் காய்கிறது, நித்திரை தூக்குகிறது, உடம்பு நடுங்குகிறது என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்தை மாற்றித் தருவார்கள்.

வர மறுக்கிறவருக்கு

"எனக்கு என்ன விசரோ?" என்று கேட்டுக் கோபப்படுகிறவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். அவரோடு வாதாட வேண்டாம். "உங்களுக்கு நித்திரை இல்லை, நானும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நித்திரைக்கு மட்டும் ஒருக்கால் காட்டுவோம், நானும் வாறன்" என்று சொல்லிப் பாருங்கள். நம்பிக்கையான ஒருவர் கூடவே போவது பெரிய உதவி. அவர் வரவே மாட்டார் என்றால் நீங்கள் தனியாகப் போய், வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்கலாம். "விசர்" என்ற சொல்லை நாம் எல்லோருமே கொஞ்சம் குறைத்தால், பலருக்கு அந்த வாசற்படி உயரம் குறையும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஒருவர் சாக வேண்டும் என்று சொல்கிறார், வேறு யாருக்கும் கேட்காத குரல் கேட்டு அதன்படி நடக்கிறார், நாட்கணக்கில் சாப்பிடவில்லை என்றால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே பக்கத்து அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியைப் பூட்டி, திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். "சாக யோசிக்கிறீங்களா?" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும்.

பொலிஸ் வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே மறைத்துவைத்து உயிரை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998இலிருந்து குற்றமில்லை. அந்தப் பயத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக, ஒரு சின்ன வேலை தருகிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து, மூன்று விஷயம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் வைத்தியசாலையின் உளநல கிளினிக் நாள். உங்கள் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் பெயரும் அவர் இருக்கும் நாளும். தொலைபேசி இலக்கங்கள்: உளநலம் 1926, அம்புலன்ஸ் 1990, சிறுவர் பாதுகாப்பு 1929, பெண்களுக்கான உதவி 1938. முதல் இரண்டும் தெரியாவிட்டால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேளுங்கள், அல்லது கிராம அலுவலரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். அயல் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் தேவைப்படும்.